ஆமா போட ஒரு ஆள்

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. சொத்துக்காக இல்லை, கல்யாணத்துக்காக இல்லை. 'தி வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கிலக் கதைத் தொடரின் ஒலிப்புத்தகத்தை யார் குரலில் கேட்பது என்பதற்காக. சித்தி மகள், நடிகை ரோசமுண்ட் பைக் வாசித்ததன் கட்சி. நான் மைக்கேல் கிரேமர், கேட் ரீடிங் என்று ரெண்டு பேர் சேர்ந்து வாசித்ததன் கட்சி. "அண்ணனுக்கு ரசனை கிடையாது, ஆகாசவாணி செய்தி கேட்டு வளந்த காது" என்று எழுதிப்போட்டுவிட்டு அவள் நைட் டியூட்டிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் போனது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும், சொல்லிவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: ராபர்ட் ஜோர்டன் எழுதிய மாயாஜாலக் கதைத் தொடர். முதல் புத்தகம் 1990இல் வந்தது. முடிக்கும் முன்பே 2007இல் அவர் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றையும் எழுதி 2013இல் முடித்தார். மொத்தம் 14 புத்தகம், முன்கதை ஒன்று தனி. காதால் கேட்டால் 400 மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இவ்வளவு நேரம் எவனுக்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம். காலையில் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரத்தில் பால் வெட்ட வேண்டும். பட்டையில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் கெட்டுப்போகும், அதனால் கண்ணும் கையும் மரத்தில்தான் இருக்க வேண்டும். காது மட்டும் சும்மா கிடக்கிறது. வளைகுடாவில் குடோன் வேலை பார்த்தபோது ராத்திரி ஷிப்டில் பிடித்த பழக்கம் இது. ஊருக்கு வந்தும் விடவில்லை. ஒன்று விட்டு ஒரு நாள்தான் வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, இலை கொட்டும் மாசங்களிலும் இல்லை. வெட்டு இல்லையென்றால் கதையும் இல்லை. இந்தத் தொடரை முடிக்க எனக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. கதை ஒரு கோட்டை முற்றுகையில் நிற்கும்போது இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் படுகிற பாடு சொல்லி முடியாது.

இனி சண்டைக்கு வருகிறேன். கிரேமரும் ரீடிங்கும் கணவன் மனைவி. (ரீடிங் என்பது அந்தம்மா ஒலிப்புத்தகம் வாசிக்க வைத்துக்கொண்ட பெயர். வாசிக்கப் போகிறவர் வாசிப்பையே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.) ஆண் பாத்திரத்தின் பார்வையில் நகரும் அத்தியாயத்தை கிரேமர் வாசிப்பார், பெண்ணின் பார்வையில் வருவதை ரீடிங். குறை இல்லாமல் இல்லை. ஒரே பெயரை ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் சொல்வார்கள். மோகிடியன் என்ற ஒருத்தி படும் பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும். சித்தி மகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் குத்திக் காட்டுகிறாள். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நைநீவைக் கேளுங்கள். கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுக்கிற பெண். புத்தகத்தில் படித்தபோது, இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சல்தான் வந்தது. கேட் ரீடிங் அந்த வரியை எந்த அழுத்தமும் கொடுக்காமல் வாசித்துவிட்டுப் போகிறார். எனக்கோ சண்டைக்கு முன் முந்தானையை உதறி இடுப்பில் செருகும் என் அத்தை ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

ரோசமுண்ட் பைக் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. இந்தக் கதையை வைத்து 2021இல் வந்த வெப் தொடரில் மொய்ரெய்ன் என்ற பாத்திரமாக நடித்தவர், அதே ஆண்டு முதல் புத்தகத்தைப் புதிதாக வாசித்தும் கொடுத்தார். உச்சரிப்பு சுத்தம், ஆளுக்கொரு குரல். ரெண்டு மணி நேரம் கேட்டால் கைதட்டத் தோன்றும். ஆனால் முதல் புத்தகம் மட்டுமே முப்பது மணி நேரம். அத்தனை நேரமும் ஒருவர் நம் காதுக்குள் நடித்துக்கொண்டே இருந்தால் எங்கே போய் உட்கார்வது?

இந்த இடத்தில் சித்தி மகளின் மாப்பிள்ளை உள்ளே வந்தார். "மச்சான், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புத்தகத்துக்கு ராய் டோட்ரிஸ் 224 குரல் கொடுத்திருக்காரு. கின்னஸ் ரெக்கார்டு. நீங்க என்ன பேசுறீங்க?" உண்மைதான். கிழவர் பெரிய ஆள். ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் வருடங்கள் இடைவெளி விழுந்ததில், அவர் கொடுத்த குரல்களே மாறிப்போயின. ஐந்தாம் புத்தகத்தில் டனேரிஸ் என்ற இளம்பெண் பேசும்போது ஊர்க் கிழவி யாரோ பேசுகிறாள் என்று நினைத்து நான் பின்னால் தள்ளிக் கேட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் கோயில் திடலில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு 224 பெரிதாகத் தோன்றாது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள், வீட்டில் பேசுவது மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். நான் நடுக்கூத்தில் எழுந்துபோய்த் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள், வேர்த்து வழிய. ராமனும் அவரே, சீதையும் அவரே, ராவணனும் அவரே. மாப்பிள்ளையிடம் நான் சொன்னது வேறு விஷயம். அந்த மனுஷர் குரலை அஷ்டகோணலாக்கியது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். கோமாளிகளுக்கு மட்டும். ராமன் வந்தபோது தன் சொந்தக் குரலை லேசாகத் தாழ்த்திக்கொண்டார், அவ்வளவே. சிரிக்க வைக்கும் குரலுக்குத்தான் வேஷம் தேவை. கிரேமரும் அதைத்தான் செய்கிறார். எனக்கு அவர் புதிதாகத் தெரியாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பாட்டியையும் சொல்ல வேண்டும். சாமித்தோப்பில் கார்த்திகை மாசம் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு, அதாவது அய்யாவழிக்காரர்களின் அகிலத்திரட்டு வாசிப்பு, நடக்கும். எங்கள் பக்கத்து நிழல்தாங்கலிலும், அய்யாவழி வழிபாட்டு இடத்திலும்தான், வாசிப்பார்கள். பாட்டி ஒரு நாள் விடமாட்டாள். அவளுக்கு அது வேதம், நான் கேட்பது வெறும் கதை, ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் ஆளில்லை. காதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு மார்க் போடுவாள். ஒருவர் நல்ல குரல்வளம், ராகம் போட்டு இழுப்பார், எல்லோருக்கும் பிடிக்கும். பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "அவன் வாசிக்கது அவனுக்குக் கேக்கதுக்கு."

தமிழ்ப் பக்கம் வந்தால் வயிறு எரிகிறது. ஒரு செயலிக்கு வருடச் சந்தா கட்டி ஒரு சரித்திர நாவலைக் கேட்டேன். குதிரை வந்தால் குதிரைக் குளம்பு, மழை வந்தால் மழை, எதுவும் வராவிட்டால் வீணை. வாசிக்கிறவர் பேசுவது எனக்குப் பாதி கேட்கவில்லை. தெற்கத்தி ஆள் ஒருவன் வந்தான். உடனே "ஏலே" என்று ஆரம்பித்துவிட்டார். தோவாளைக்காரனும் திருநெல்வேலிக்காரனும் அவருக்கு ஒன்று, விளவங்கோட்டுக்காரன் இந்த உலகத்திலேயே இல்லை. நம்மிடம் ஆளில்லை என்று யாரும் சொல்லாதீர்கள். எந்த இசையும் இல்லாமல், ஒரு அறையில் உட்கார்ந்து, நிதானமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். இந்த மாவட்டத்திலேயே பத்து பேர் தேறுவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கிரேமர் மேலும் எனக்கு மனக்குறை உண்டு. அது அவர் குற்றமும் இல்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். "காட்டுக்குள்ள போனாராம்." "ஆமா." அந்த ஆமா போடுகிற ஆள் நம் எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் போடுகிறார். கதை சொல்கிறவருக்கும் மூச்சு வாங்க ஒரு இடம் கிடைக்கும். பாவம் கிரேமர், மணிக்கணக்கில் கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஆமா போட ஆளில்லை.

போன வாரம் விடியற்காலை, நாற்பதாவது மரமோ என்னவோ, பக்கத்துத் தோட்டத்து மாமாவின் லைட் என் பக்கம் திரும்பியது.

"மக்ளே, இருட்டுக்குள்ள ஆருகிட்டடே ஆமா ஆமாங்க?"

ஹெட்செட்டைக் கழற்றினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஒரு வெள்ளக்காரன் கதை சொல்லுகான் மாமா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சிரட்டையைத் துடைத்துக்கொண்டே, "செரி, சத்தமா வையி. நானும் கேக்கேன்" என்றார்.