துணிச்சல் மட்டும் போதாது
கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பும் நாவல்களில் நாயகியின் துணிச்சலே எல்லாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. துணிச்சல் இருந்தும் காசில்லாமல் முடங்கியவர்கள் எத்தனை பேர்! ஆங்கில எழுத்தாளர் ஆன் பிரான்டே 1848இல் வெளியிட்ட ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலில், ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்ற நாயகி ஹெலனின் திட்டத்தை அவள் நாட்குறிப்பில் படித்துவிட்ட கணவன், தூரிகைகளையும் வண்ணங்களையும் தீயில் போடுகிறான். பணத்தையும் நகைகளையும் பறித்துக்கொள்கிறான். எங்கே அடித்தால் விழுவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னர் மகனோடு தப்பி, வேறு பெயரில் வாழ்ந்து, வரைந்து விற்கிறாள். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அந்த வருமானமும் கணவனுக்கே சொந்தம். மனைவியின் சம்பாத்தியம் அவளுடையது என்று சட்டம் வந்தது 1870இல்தான். என் அக்காவின் ஏடிஎம் அட்டையும் கல்யாணமான கையோடு மாமியாரிடம் போனது. டியூஷன் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்த்த பிறகே அவளால் வெளியேற முடிந்தது.