குழல் அங்கே அலங்காரம் அல்ல

டொரான்டோவின் ப்ளட் செரிமனி என்ற ராக் இசைக்குழு 2008-இல் ரைஸ் அபவ் நிறுவனம் மூலம் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் புல்லாங்குழல் வெறும் அலங்காரம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பாட்டு, ஆர்கன், குழல் மூன்றும் அலியா ஓ'பிரையன்தான். கிட்டாருக்குச் சமமான இடம் அந்தக் குழலுக்கு. ப்ளாக் சாபத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியே 1968 டிசம்பரில் கொஞ்ச நாள், குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் ராக் குழுவில் இருந்தவர், ஆக ராக் கிட்டாருக்கும் குழலுக்கும் உள்ள உறவு பழையது.

இரண்டையும் சேர்த்து வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கத்தியக் குழலின் அடிச்சுரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) போட்ட கிட்டாரின் மேல்சுரங்கள் அந்த இடத்தை அப்படியே அடைத்துவிடும். அதனால் இரண்டாம், மூன்றாம் ஆக்டேவில் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் கிட்டாரில் நடு அதிர்வெண்களைக் குறைக்க வேண்டும். கிட்டாரை அரைச்சுரம் இறக்கினால் ஈ மைனர் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), குழலுக்கு ஆறு ஃப்ளாட் (அரைச்சுரம் இறங்கிய சுரம்) உள்ள ஈ ஃப்ளாட் மைனராகிவிடும்; விரல் திணறும்.

மேடையில் மைக்கை மூச்சுக்கு நேரே வைத்தால் காற்றிரைச்சல்தான் கேட்கும், உதட்டுத் தகட்டுக்குச் சற்று மேலே வைப்பது நல்லது. குழல் சூடேறி, உரக்க ஊதும்போது சுருதி ஏறும். தலைப்பகுதியைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.