வேதாளம் கதைகள் பற்றி ஒரு திருத்தம்

வேதாளம் கதைகள் வந்த சிறுவர் பத்திரிகையான பழைய அம்புலிமாமா வேலூரில் எங்கே கிடைக்கும் என்று கேட்ட அண்ணனுக்கு, "வேதாளம் கதைகள் குழந்தைகளுக்காகவே எழுதப்பட்டவை, பெரியவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை" என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. பத்திரிகை சிறுவர்களுக்கானதுதான்; கதைகள் அப்படியல்ல. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீர அரசி சூரியவதிக்காக சோமதேவர் தொகுத்த சமஸ்கிருதக் கதை நூலான கதாசரித்சாகரத்திலேயே இவை இருக்கின்றன. அரசி ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லையே!

அந்த நூலுக்கு டானி (Tawney) என்பவர் செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 80ஆவது அத்தியாயத்தைப் பாருங்கள். வெட்டுப்பட்ட தன் கணவன் தலையையும் தன் சகோதரன் தலையையும் ஒரு பெண் பதற்றத்தில் உடல் மாற்றி ஒட்டிவிடுகிறாள். இருவரும் உயிரோடு எழுகிறார்கள். இப்போது யார் அவள் கணவன்? இதுதான் வேதாளத்தின் கேள்வி. எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது?