உப்புப் போட்ட புழு

அக்கா: டப்பாவில் என்ன தம்பி, வளையலா? ஊதா, பச்சை எல்லாம் மினுங்குகிறது.

தம்பி: புழு அக்கா. பிளாஸ்டிக் புழு. பாஸ் பிடிக்க.

அக்கா: பாஸா? கரையில் நின்று தூண்டில் போட எவனும் பாஸ் கேட்கமாட்டான். கடலுக்குப் போகிற போட்டுக்குத்தான் டோக்கன்.

தம்பி: ஐயோ, மீன் பேரே பாஸ். அமெரிக்காவில் ஏரி, குளத்தில் இருக்கும்.

அக்கா: ஏரி மீனுக்குப் பாம்பன் வரை வந்தாயா? ராமநாதபுரத்தில் பெரிய கண்மாய் இருக்கிறதே, அங்கேயே இறங்கியிருக்கலாம்.

தம்பி: இங்கே சீ பாஸ் இருக்கே. நம்ம கொடுவா.

அக்கா: அப்போ கொடுவா என்றே சொல்லேன். பேரை மாற்றிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்குமா?

(இப்படி டப்பாவோடு வருகிறவர்களை இந்தக் கரையில் அடிக்கடி பார்க்கலாம். கம்பின் விலையைச் சொல்லாமல் ஒருவரும் கம்பை நீட்டியதில்லை.)

தம்பி: இது டெக்சாஸ் முறை அக்கா. முள் நுனியைப் புழுவுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். பாசியில், புல்லில் மாட்டாது.

அக்கா: மீனிலும் மாட்டாது.

தம்பி: மாட்டும். கடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் முள் புழுவைக் கிழித்துக்கொண்டு வாயில் ஏறும். மீன் துப்பிவிடாமல் இருக்க உள்ளே உப்பு கூடப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா: என்ன போட்டிருக்கிறார்கள்?

தம்பி: உப்பு.

அக்கா: கடலில் இருக்கிற மீனுக்கு... உப்பு.

தம்பி: ருசிக்காக அக்கா. இந்தப் பச்சைப் புழுவில் பூண்டு வாசனையும் உண்டு.

அக்கா: உப்பு, பூண்டு. கொஞ்சம் புளியும் கரைத்திருந்தால் மீனே தேவையில்லை, குழம்பு முடிந்தது. எவ்வளவு?

தம்பி: எட்டுப் புழு நானூற்றைம்பது.

அக்கா: உப்பு எவ்வளவு, புழு எவ்வளவு, தனித்தனியாகச் சொல்.

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. 1949-இல் ஓஹையோவில் நிக் க்ரீம் என்பவர் வீட்டு அடுப்பில் வினைல் என்ற பிளாஸ்டிக்கைக் காய்ச்சி உண்டாக்கியது இது.

அக்கா: அந்த வீட்டம்மா அன்றைக்குச் சோறு எதில் பொங்கினாள்?

தம்பி: அது எனக்குத் தெரியாது.

அக்கா: தெரியாதுதான். சரி, விடிந்ததிலிருந்து என்ன கிடைத்தது?

தம்பி: பேத்தை மீன் ஒன்று கடித்தது. கிடைக்கவில்லை. வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு போய்விட்டது.

அக்கா: அதற்கு உப்பு சரியாக இருந்திருக்கும். அந்த அறுந்த புழு எங்கே?

தம்பி: அதோ, மணலில் போட்டேன். சின்னத் துண்டுதானே.

(அக்கா எழுந்து போய் அதைப் பொறுக்கினார். ஊதா நிறம், நடுவில் பல் பட்ட இடம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. பக்கத்தில் இன்னும் மூன்று கிடந்தன.)

அக்கா: போன மாதம் ஒரு கேரி பேக்குக்காக என்னிடம் அபராதம் வாங்கினார்கள். 2019 ஜனவரி முதலே தடை, தெரியாதா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ஓலைக் கொட்டானில்தான் மீன் கொடுக்கிறேன். உன் புழுவுக்கு ரசீது போட ஒருத்தரும் வரவில்லையா?

தம்பி: இது கேரி பேக் இல்லையே அக்கா...

அக்கா: இல்லைதான். கேரி பேக்கில் உப்பு கிடையாது.

தம்பி: ...

அக்கா: கொடுவா முகத்துவாரப் பக்கம் வரும். உயிர் மடவை, உயிர் இறால் கோர்த்துப் போட்டால் எடுக்கும். அதற்கு அமெரிக்கா போக வேண்டாம், என் வாளி வரை வந்தால் போதும்.

தம்பி: சரி, நூறு ரூபாய்க்கு இறால் கொடுங்க. ஒரு கவரில் போட்டு.

அக்கா: எதில் போட்டு?

தம்பி: ...கொட்டானில்.

அக்கா: கொட்டான் மீனுக்கு. உயிர் இறாலுக்குத் தண்ணீர் வேண்டாமா? அந்த வளையல் டப்பாவைக் காலி செய்துவிட்டு நீட்டு.