எழுத ஆள் இருந்தால் போதுமா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. தேவைப்படுபவர்களுக்கு, சொல்வதை எழுத ஒரு ஆசிரியரும் உண்டு. யாரும் மனமிரங்கிப் போட்ட சலுகை இல்லை இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் நான் பார்த்த பல பிள்ளைகள், ஒருவரை உட்கார வைத்து விடை சொல்வதையே பொதுத்தேர்வு அறையில்தான் முதன்முதலாகச் செய்கிறார்கள். அதுவரை காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் டெஸ்ட் எல்லாவற்றிலும் "நீ சும்மா உட்காரு, பாஸ் போட்டுடலாம்" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

"அதான் எழுத ஆள் தர்றாங்களே" என்பவர்கள் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றை வாயாலேயே சொல்லிப் பாருங்கள். "ரூட் எக்ஸ் பிளஸ் மூணு" என்றால் அந்த மூன்று ரூட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? எழுதுபவருக்கே விடை தெரிந்தாலும் திருத்தி எழுதக் கூடாது, பிள்ளை சொன்னதைத்தான் எழுத வேண்டும். எங்கே பிராக்கெட் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்லிப் பழகாத பிள்ளைக்குத் தெரிந்த கணக்கிலும் மதிப்பெண் போகும். தமிழ்த்தாளில் மனப்பாடப் பாடலைப் பாடிய வேகத்தில் ஒப்பித்தால் எழுதுபவரின் கை ஓடாது. சீர் சீராக நிறுத்திச் சொல்ல வேண்டும். எழுதியது சரியா என்று பார்வையற்ற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஆசிரியரிடம் அதைக் கேட்க எவ்வளவு தயங்குவார்கள் தெரியுமா! அந்தக் கூச்சம் ஒரே நாளில் போகாது.

கூடுதல் நேரமும் அப்படித்தான். நான்கு மணி நேரம் உட்கார்ந்து பழகாத உடம்பு கடைசி ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடும், முக்கியமாகக் கை கால் அசைவைக் கட்டுப்படுத்தச் சிரமப்படுத்தும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு.

பெற்றோருக்கு ஒன்று. இது பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளை தாளில் தடுமாறினால் "சோம்பேறி" என்று திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தொடுத்த வழக்கில், எழுத ஆள் கேட்க 40 சதவீத ஊனம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2021 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடினால் பிள்ளைக்குத்தான் அலைச்சல்.

பள்ளிகளிடம் கேட்பது இதுதான்: காலாண்டுத் தேர்விலிருந்தே எழுத ஆளும் கூடுதல் நேரமும் கொடுங்கள். ஆசிரியர் போதவில்லையா, ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதிரித் தேர்வுக்கு வந்து எழுதிக்கொடுக்க முடிந்தவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரையோ மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியரையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள்.