நிம்மியோட ஒம்பது மலை

(செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வாசல் நோட்டுக்கடை. வெளியே சாரல்.)

ஆச்சி: அண்ணாச்சி, நாலு கோடு நோட்டு ஒண்ணு எடுங்க.

அண்ணாச்சி: திங்கக்கெழமதான வாங்குனீய? பேத்தி எழுதுதாளா, திங்குதாளா?

ஆச்சி: அழிச்சழிச்சுத் தாளே ஓட்டையாப் போச்சு. யூகேஜி பிள்ளைக்குக் கர்சிவாம்! நிம்மின்னு பேரு வச்சது தப்பாப் போச்சு. இங்கிலீசுல அப்படி கர்சிவா சேத்து எழுதுனா சின்ன எம்முக்கு மூணு கூம்பு. ரெண்டு எம்முக்கு ஆறு. இவ ஒம்பது போட்டுட்டா.

அண்ணாச்சி: புளியரையில இருந்து ஆரியங்காவு வரைக்கும் வரைஞ்சிட்டாளா?

ஆச்சி: மிஸ்ஸு மூணு மலைய சிவப்பு மையில சுழிச்சு அனுப்பியிருக்கு.

அண்ணாச்சி: சின்னதுலயே பழகுனாத்தான ஆச்சி கை வளையும்?

ஆச்சி: பென்சில உலக்க மாதிரில்லா புடிக்கா. சட்டைக்குப் பித்தான் போடத் தெரியல, எழுத்துக்கு முடிச்சுப் போடச் சொல்லுதாவ. இப்ப தனித்தனியா எழுதட்டும். மூணாப்புல சேத்துக்கிடட்டும்.

அண்ணாச்சி: எம்மவன் கலிபோர்னியாவுல இருக்காம்லா. அமெரிக்காவுல பல மாநிலத்துக்கும் பொதுவா 2010-ல வந்த பாடத்திட்டத்துல கர்சிவே கெடையாதாம். கலிபோர்னியாவுல 2024-ல இருந்து, ஒண்ணாப்புக்கும் ஆறாப்புக்கும் நடுவுல சொல்லிக் குடுத்தே ஆவணும்னு சட்டம்.

ஆச்சி: ஆறு வருசம் தவணை பாத்தீயளா! இங்க நாளைக்கே வேணுமாம்.

அண்ணாச்சி: மருமவ என்ன சொல்லுதா?

ஆச்சி: புனலூர்க்காரில்லா. "எங்க மலையாளம் ஜிலேபி, இது எளுப்பம்"ங்கா. அங்கயும் 1971-ல டைப்ரைட்டருக்காவக் கூட்டெழுத்தப் பிரிச்சு விட்டாவளாம். சம்பந்தி இன்னும் சேத்துப் பின்னுதாரு. என்னையே எடுத்துக்கிடுங்க. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம்னு 'லை' எழுத்துல இருந்த தும்பிக்கைய வெட்டுனாவ, நான் விடல. லீவு லெட்டர்ல 'தலைவலி'ன்னு எழுதுனேன். மிஸ்ஸு, "தலைக்குள்ள என்ன பாட்டி யானை?"ன்னு கேக்கு.

அண்ணாச்சி: நல்லவேளை, நிம்மி பேருல லை இல்ல. இந்தாங்க நோட்டு. பழைய பாக்கி... (பற்று நோட்டைப் புரட்டிக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிறார்) நூத்தி... இது ஏழா, ஒண்ணா?

ஆச்சி: யாரு எழுதுனது?

அண்ணாச்சி: நாந்தான். கூட்டத்துல எழுதுனது, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு.

ஆச்சி: அப்ப ஒண்ணுன்னே வாசிங்க, அண்ணாச்சி.