தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டுமா?
கோடைப் பந்தயங்களில் தாகம் எடுக்கும் முன்பே முடிந்த அளவு தண்ணீர் குடித்துவிட வேண்டும் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற கோடையில் மூன்று ஓட்டப் பந்தயங்களிலும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இரண்டு டிரையத்லான்களிலும் கலந்துகொண்டேன். இரண்டாவது டிரையத்லானில் 1.5 கிலோமீட்டர் நீச்சலும் 40 கிலோமீட்டர் சைக்கிளும் முடித்து, கடைசி 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று வெறும் தண்ணீராகவே குடித்தேன். ஏழாவது கிலோமீட்டரில் தலைவலி, குமட்டல், விரல்களில் வீக்கம். மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. உடலில் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து மேலும் குடித்தேன், அதுதான் பெரிய தவறு. அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீரால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருக்கிறது என்றார் மருத்துவர். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இதே குறை இருந்தது. ஓட்டத்தின்போது அதிகம் குடித்து எடை கூடியவர்களுக்கே ஆபத்து அதிகம். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், இதைத் தடுக்க உப்பு மாத்திரை போதும் என்கிறார். அளவுக்கு மீறிக் குடித்தால் அதுவும் காப்பாற்றாது. இப்போது பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன், தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கிறேன், வீடு திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர். புதியவர்கள் நம்பிப் படிக்கும் கட்டுரை இது, அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.